அந்தச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், பிட்டன்வீம் துறைமுகத்தை ஒட்டி வரிசையாகத் தோள் சேர்ந்து நிற்கும் வீடுகள், சிவப்பு ஓடு, படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் பக்கச்சுவர், தெருவிலிருந்தே மாடிக்குப் போகும் கல்படி. ஃபைஃப் கரைக்கே உரிய அழகு. ரொம்ப நல்ல வீடு வாங்கியிருக்கிறாய். ஆனால் உள்ளே ஈரம் தெரிகிறது, வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தயவுசெய்து செய்யாதே.

அது கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர். மழை பெய்தால் கொஞ்சம் நீரை வாங்கிக்கொள்ளும்; காற்றடித்தால் சாந்து வழியாகவே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். நாளாவட்டத்தில் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், திரும்பி வராது. மணற்கல் மிருதுவானது. உள்ளே தேங்கிய நீர் குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது கல்லின் முகமே பொரிந்து உதிரும்; கடல் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வரிசை வீட்டில் நடுச்சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம், உன் பக்கம் அடைபட்ட ஈரம் அவர்களையும் தொடும்.

முதலில் ஏணி போட்டு மேலே பார்க்கச் சொல். நகர்ந்த ஓடு, இலை அடைத்த மழைநீர்க் குழாய், புகைபோக்கியின் அடியில் ஒரு பிளவு. பல வீடுகளில் ஈரத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

அப்புறம் பூச்சு தேவைப்பட்டால், ஊர் வழக்கப்படி ஹார்லிங் செய். சுண்ணாம்பு, மணல், சிறு கூழாங்கல் கலந்து சுவரில் வீசி அடிப்பார்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை. சொரசொரப்பான பரப்பு என்பதால் சீக்கிரம் காயும். இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடி நீ எங்கோ போக வேண்டாம். அதே ஃபைஃபில் சார்ல்ஸ்டவுன் என்ற ஊர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் எல்ஜின் பிரபு தொடங்கிய சுண்ணாம்புக் காளவாய்கள் 14 அங்கே வரிசையாக நிற்கின்றன. கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலை கற்றுத்தரும் ஸ்காட்டிஷ் லைம் சென்டரும் அங்கேதான்.

வீட்டுப் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டு. 1960இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான ஸ்காட்லாந்தின் நேஷனல் டிரஸ்ட் 'சின்ன வீடுகள்' திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாழடைந்து கிடந்த பழைய வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, பாதுகாப்பு நிபந்தனையோடு விற்று, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கினார்கள். ஃபைஃப் கரையோர ஊர்கள் இன்று இந்த முகத்தோடு இருக்க அந்தத் திட்டம் பெரிய காரணம். உன் வீட்டுக்கும் அப்படி ஒரு நிபந்தனை இருக்கலாம். அது இல்லாவிட்டாலும், பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், ஏ, பி, சி எந்தப் பிரிவானாலும், தோற்றத்தை மாற்றும் வேலைக்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். உள்ளே செய்யும் மாற்றத்துக்கும்தான்.

வாசல் உத்தரக்கல்லில் இரண்டு ஜோடி எழுத்துகள் செதுக்கியிருக்கிறதே, அது அங்கே குடியேறிய கணவன் மனைவியின் பெயரெழுத்துகளாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் அவளுடைய எழுத்துகள் தனியாக நிற்கின்றன. எனக்கு அந்தக் கல்லை ரொம்பப் பிடித்திருக்கிறது. அதன்மேல் பெயிண்டுகூடப் படக் கூடாது.

உறைபனி இருக்கும்வரை சுண்ணாம்பு வேலை தொடங்க முடியாது, எனவே அவசரம் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் கூரை ஓடுகளையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய், அனுமதிக்கு விண்ணப்பி. அந்தக் கொத்தனாருக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா