மூன்றாம் நாள் மறுபடி ஓட வேண்டும்: ஒலிம்பிக் பெண்கள் கால்பந்தும் நம் கடற்கரையும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்துக்கு 16 அணிகள், ஆண்களுக்கு 12 அணிகள் என்று முடிவாகியிருக்கிறது. 2024 பாரிஸில் கணக்கு நேர்மாறாக இருந்தது. இந்தியப் பெண்கள் அணி இதுவரை ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. பாரிஸுக்கான தகுதிச் சுற்றில், 2023-இல், ஜப்பானிடம் 7-0 என்று தோற்றது. அதே இந்தியா 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று வழியாகவே நுழைந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசியப் பட்டம் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். ஆகவே இராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் ஒலிம்பிக்கைப் பற்றி நினைப்பது அதிகப்படி ஆசை ஆகாது.

ஆனால் அந்த நினைப்போடு மைதானத்தில் நடக்கும் பயிற்சியைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. ஒலிம்பிக் தயாரிப்பு என்றால் இன்னும் அதிகமாக ஓடுவது, இன்னும் கடுமையாக உதைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். தேசிய அணிகள் செய்வது அதுவல்ல.

பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் அட்டவணையைப் பாருங்கள். ஜூலை 25, 28, 31, ஆகஸ்ட் 3, 6, 10. பதினேழு நாளில் 6 ஆட்டம். அதில் ஜப்பானுடன் ஆடிய காலிறுதியும் ஜெர்மனியுடன் ஆடிய அரையிறுதியும் கூடுதல் நேரம் வரை போயின. ஒரு வீராங்கனை முழு ஆட்டத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். கடுமையான ஆட்டத்துக்குப் பின் தசை முழுதாகத் தேற 72 மணி நேரம் வரை ஆகும். அது முடிகிற நேரத்தில் அடுத்த ஆட்டத்தின் விசில் ஊதிவிடுகிறது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் அணிக்கு 23 பேர்; பாரிஸில் அணிக்கு 18 பேர், மாற்றாக 4 பேர், அவ்வளவுதான். கோல்கீப்பர் இருவர் போக மீதி 16 பேரில் பெரும்பாலோர் இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்தவர்களாக இருந்தாக வேண்டும். முதல் நாள் யார் நன்றாக ஆடினார் என்பதைவிட மூன்றாம் நாள் யாரால் மறுபடி ஓட முடிகிறது என்பதே அங்கே கேள்வி. அந்த உடம்பு முகாமில் இரண்டு மாதத்தில் வராது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊர் மைதானத்தில் தொடங்க வேண்டியது அது.

முதலில் முழங்கால். பெண்களுக்கு முழங்காலின் முன் ஜவ்வு கிழிவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆஸ்திரேலிய அணித் தலைவி சாம் கெர் 2024 ஜனவரியில் இப்படிக் காயப்பட்டுப் பாரிஸை இழந்தார். அந்த அணி முதல் சுற்றோடு வெளியேறியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பி ஆட ஒன்பது மாதத்துக்குக் குறையாது. இந்தக் காயங்களில் பெரும்பாலானவை யாரும் இடிக்காமலே நடக்கின்றன: குதித்து இறங்கும்போது, ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது, முழங்கால் உள்பக்கமாக மடிந்துவிடுகிறது.

இதைத் தடுக்க உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற தயார்ப் பயிற்சி இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம், பந்தைத் தொடுவதற்கு முன்பே. முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம். அடுத்த 10 நிமிடம் வலு, சமநிலை, குதித்தல். கடைசி 2 நிமிடம் வேகமாக ஓடித் திரும்புதல். வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன். இதில் அதிகம் தவறுவது பின்தொடைத் தசைக்கான பயிற்சியில். பிள்ளை முழங்காலிட்டு நிற்க, தோழி ஒருத்தி கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடிக்க, தோள் முதல் முழங்கால் வரை ஒரே கோடாக வைத்து முன்னால் மெல்லச் சாய வேண்டும். இடுப்பை மடக்கினால் பயனில்லை. தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும். முதல் நாளே 15 முறை செய்யவைத்தால் மறுநாள் பிள்ளையால் உட்கார்ந்து எழ முடியாது. அதன்பின் அந்தப் பயிற்சி என்றாலே ஓடி ஒளிவாள். 12 முதல் 15 வரை போக சில மாதங்கள் ஆகட்டும்.

இறங்கும் முறையைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஒரு அடி உயரப் படியிலிருந்து இரண்டு காலாலும் இறங்கச் சொல்லி, நேர் எதிரே நின்று கைபேசியில் படம் பிடியுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், முழங்கால் கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா என்று தெரிந்துவிடும். சாய்கிற பிள்ளைக்கு வேகமாகத் திரும்பும் பயிற்சியைக் குறைத்து, இடுப்புக்கும் தொடைக்கும் வலுவேற்றும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். காலணியையும் பாருங்கள். நீளமான ஸ்டட் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்) வைத்த பூட் ஈரப் புல்தரைக்கு ஆனது. நம் கட்டாந்தரையில் அது பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. குட்டிக் குட்டி ஸ்டட் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூதான் இங்கே சரி.

மணல் ஓட்டத்தைப் பற்றி இந்தக் கரையில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை. காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். மூட்டில் விழும் அடி குறைவு. அதனால் வாரம் இரண்டு நாள், 15 மீட்டர் வேக ஓட்டம் 6 முதல் 8 முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்வது நல்லது. தினமும் ஒரு மணி நேரம் மணலில் ஓடவிட்டால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் வீங்கும். மணலில் கால் தரையில் தங்கும் நேரம் கூடுவதால், புல்தரைக்கு வேண்டிய துள்ளலும் மந்தமாகும். தென்கடல் பக்கம் அலையோரத்து ஈர மணல் ஓடுவதற்குச் சுகம்தான், ஆனால் அது சரிவு. ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கக் கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இடுப்பிலும் முழங்காலின் வெளிப்பக்கத்திலும் வலி வரும். போன தூரம் அதே கரையில் திரும்பி ஓடி வரவேண்டும்.

அடுத்தது ரத்தம். இதைச் சொல்லத் தயங்கித் தயங்கியே பல பிள்ளைகளை இழக்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்கும் பெண்ணை ஓடவிட்டு ‘சோம்பேறி’ என்று திட்டுவது அநியாயம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்பு இருப்பு வற்றியிருக்கலாம்; அதற்கு ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டும். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வாயில் போட்டுத் துப்பிவிடுவது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அதனால்தான் துப்புகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் ஏறும். அதன் பின் ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. டீ இரும்பைச் சேரவிடாது.

மாதவிடாய் தேதியைக் குறித்துவைப்பது இன்று தேசிய அணிகளில் வழக்கமான வேலை. 2019 உலகக் கோப்பையிலேயே அமெரிக்க அணி அதைச் செய்தது. இங்கே ஆண் பயிற்சியாளர் கேட்கக் கூச்சப்படுவார், பிள்ளையும் சொல்லமாட்டாள். பெண் ஆசிரியை ஒருவரிடம் ஒரு நோட்டு இருந்தால் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று: தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் அது கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமைப்படக் கூடாது. பெரும்பாலும் ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்றே பொருள். எலும்பில் கீறல் விழுவது அடுத்த கட்டம். மருத்துவரிடம் போக வேண்டும், பயிற்சியைக் குறைக்க வேண்டும், தட்டில் சோறு கூட வேண்டும்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை, நேரம்தான் தப்புகிறது. ஆட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்து வேண்டும். 50 கிலோ பெண்ணுக்கு 50 கிராம். ஏறத்தாழ 200 கிராம் சோறு. கூடவே 100 கிராம் சாளை மீனோ மூன்று முட்டையோ இருந்தால் 20 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். விலை உயர்ந்த மாவு டப்பா எதுவும் தேவையில்லை. ஆனால் மாலை ஆட்டம் முடிந்து பஸ் பிடித்து ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் போய்ச் சாப்பிடுவது பயன் தராது. மைதானத்துக்கே பொட்டலம் வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான், பயிற்சி அதிகமாவதும் அப்போதுதான். வீட்டு வருமானம் குறைகிற மாதங்களில் பிள்ளையின் ஓட்டத்தை இரட்டிப்பாக்குகிறோம். கோடைப் பயிற்சி முகாம் நடத்துவோர் முதலில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

தேசிய அணிகள் ஆட்டத்துக்குப் பின் குளிர்நீர்த் தொட்டியில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 10 முதல் 15 டிகிரி நீரில் சுமார் 10 நிமிடம். நம் கடல்நீர் அதற்கு ஆகாது, அவ்வளவு குளிர்ச்சி இல்லை. ஆனாலும் இடுப்பளவு நீரில் 20 நிமிடம் நடப்பது காலுக்கு இதம். ஐஸ் வாங்கப் பட்டணம் போக வேண்டியதில்லை. படகுக்கு ஏற்றும் ஐஸை உடைத்து ஒரு பெரிய டிரம்மில் தண்ணீரோடு கலந்தாலே தொட்டி தயார். அந்த ஐஸைக் குடிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வெயில் நமக்குச் சுமை மட்டும் அல்ல. டோக்கியோவில் 2021-இல் இறுதி ஆட்டத்தையே வெப்பத்துக்காக இரவுக்கு மாற்றினார்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், இரண்டு மூன்று வாரம் விட்டால் பழக்கம் போய்விடும். வெளிநாட்டு அணிகள் செலவு செய்து தேடும் இது நம் பிள்ளைகளுக்கு வாசலிலேயே இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காயாது. வெப்பமானி 34 காட்டினாலும் உள்நாட்டின் 38-ஐவிட ஆபத்தாக இருக்கக்கூடும். வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் 30-ஆவது நிமிடத்தை ஒட்டித் தண்ணீர் இடைவேளை விடவேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிமுறை. அந்தக் கருவி நம்மிடம் இருக்காது, ஆகவே கோடையில் எல்லா ஆட்டத்திலும் விட்டுவிடுவதே சரி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும், ஒரே மடக்கில் அல்ல. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டி. நம் போர்த் தண்ணீர் ஏற்கெனவே உப்பு; அதில் இந்த அளவு பொருந்தாது, காவிரிக் குடிநீர்தான் வேண்டும்.

பந்தின் காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலத்துக்குள் இருக்க வேண்டும். வெயிலில் போட்டுவைத்த பந்து கல்லாகும். அதைத் தலையால் முட்டவைக்காதீர்கள். மைதானத்தைச் சுற்றிச் சீமைக் கருவேலம் இருந்தால் வாரம் ஒருமுறை முள் பெருக்குவது பந்துக்கும் பாதத்துக்கும் நல்லது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் கோல்கீப்பருக்கு உயரப் பந்துகளைக் காற்றின் குறுக்கே போட்டுப் பழக்கலாம். அந்த வசதி உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை.

இவற்றில் பெரும்பகுதி பணம் கேட்பதில்லை. பணமும் உத்தரவும் தேவைப்படுவது மூன்றுக்குத்தான். கடலோர ஒன்றியம் ஒவ்வொன்றிலும் ஒரு மைதானத்துக்காவது இரவு ஏழரை மணி வரை விளக்கு. அந்த மைதானத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் காவிரிக் குழாயும். விளையாட்டில் இருக்கும் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு இருமுறை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கும் ஏற்பாடு. மாவட்ட விளையாட்டு அலுவலரும் சுகாதாரத் துறையும் சேர்ந்து, பள்ளி திறக்கும் ஜூனிலேயே முதல் பரிசோதனையை நடத்தினால், தடைக்காலம் முடியும்போது பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது ஆடி மாதம் தொடங்குவதற்குள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்