மாடி அறையை ஒரு ஞாயிறு பூட்டிக் கொடுங்கள்

சங்கத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அக்காவுக்கும், மண்டபக் குழுவில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் என் கடிதத்தை வாசித்தபோது, “டாக்டருக்குப் படிச்ச பிள்ளைங்களுக்குப் படிக்க வீடு இல்லையா?” என்று ஒருவர் கேட்டாராம். எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அம்மா சொன்னார். எனக்குக் கோபமில்லை. ‘தேர்வுப் பயிற்சிக்கு மாடி அறை வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால் இந்த முறை விவரமாக, ஊரார் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

படிக்க வீடு இருக்கிறது ஐயா. எழுதிப் பார்க்கத்தான் இடமில்லை.

பட்டர்வொர்த், பிறை பக்கத்தில் எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர் ஏதோ ஒரு மருத்துவ உரிமத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். நம் மலேசிய மருத்துவச் சட்டத்தின் அட்டவணையில் இல்லாத பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர்களுக்கு இங்கேயே தகுதித் தேர்வு இருக்கிறது. 2016 டிசம்பரில் அரசு டாக்டர்களுக்கு ஒப்பந்த முறை வந்த பிறகு, ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டர் காலத்தை முடித்தாலும் நிரந்தர வேலை உறுதியில்லை என்று வெளிநாடு பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். பிரிட்டனின் பிளாப் முதல் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி. ஆஸ்திரேலியத் தேர்வில் மூன்றரை மணி நேரத்தில் 150. நான் எழுதியது அமெரிக்கத் தேர்வின் முதல் படி. அது காலையில் தொடங்கி மாலை வரை போகும்.

மொத்தம் எட்டு மணி நேரம். நான் எழுதியபோது ஏழு பகுதிகள். பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்வி வரை. கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வரும். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு குட்டிக் கதை. நோயாளிக்கு இத்தனை வயது, மூன்று நாளாகக் காய்ச்சல், இரத்தப் பரிசோதனையில் இன்னின்ன எண்கள் என்று வாசித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஓடிவிடும். அப்போது நாள் முழுதுக்கும் சேர்த்து ஓய்வு 45 நிமிடம். அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது நம் பாடு.

முதல் தடவை நான் தயாரான அழகு அம்மாவுக்குத் தெரியும். கட்டிலில் சாய்ந்தபடி மடிக்கணினியில் 40 கேள்வி போடுவேன். நடுவில் காப்பி வரும், கைப்பேசி சிணுங்கும். பதில் தெரியாவிட்டால் உடனே விளக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ‘ஆமாம், எனக்குத் தெரிந்ததுதான்’ என்று எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்வேன். இப்படியே ஆயிரக்கணக்கில் கேள்விகளை முடித்திருந்தேன். ஆனால் ஏழு பகுதிகளையும் ஒரே நாளில் தொடர்ந்து உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில்லை.

தேர்வு கோலாலம்பூரில். முதல் நாளே ரயிலேறிப் போய்ச் சித்தி வீட்டில் தங்கினேன். காலையில் மையத்துக்குப் போனால், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். கைக்கடிகாரம், கைப்பேசி, சாப்பாடு எல்லாம் லாக்கருக்குள். உள்ளே ஏர்கோன் குளிர். நான் போட்டிருந்ததோ மெல்லிய குர்த்தா. குறிப்பெழுதக் காகிதம் கிடையாது, பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையும் மார்க்கரும்தான். மார்க்கரின் தடித்த எழுத்தில் ஒரு கணக்குப் போட்டதும் அட்டையில் பாதி போய்விட்டது.

மூன்றாம் பகுதி முடிந்து வெளியே வந்தேன். பினாங்குக்காரிக்குப் பசி வந்தால் சொல்லவா வேண்டும்? லாக்கரில் இருந்த நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கை கழுவி, மறுபடி கையெழுத்துப் போட்டு, மறுபடி பாக்கெட்டைக் காட்டி உட்கார்ந்தபோது ஓய்வில் மிச்சம் ஒன்பது நிமிடம். சோதனைக்கு நிற்கும் நேரமும் அதிலேயே கழியும் என்று படித்திருந்தேன், அனுபவத்தில் தெரிந்திருக்கவில்லை. ஐந்தாம் பகுதியில் கண் சொருகியது. ஒரு சிறுநீரகக் கேள்வியை நான்கு முறை வாசித்தும் நோயாளி ஆணா பெண்ணா என்பது மனதில் நிற்கவில்லை. ஆறாம் பகுதியில் என் சொந்தச் சிறுநீர்ப்பையே பெரிய கேள்வியாகிவிட்டது. ஓய்வும் தீர்ந்திருந்தது. எழுந்து போனால் கடிகாரம் நிற்காது. அந்த முறை கோட்டைவிட்டேன்.

இரண்டாம் முறை புதிதாகப் படித்தது கொஞ்சம்தான். மாமாவின் கணக்கர் அலுவலகம் ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஆறு ஞாயிறு அங்கே போய், காலை எட்டு மணிக்கு என்னை உள்ளே விட்டுப் பூட்டச் சொன்னேன். மாமா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் வெளியே வந்தால் நோட்டில் நேரம் குறிப்பார், உள்ளே போகும்போது பாக்கெட்டைக் காட்டச் சொல்வார். முதல் வாரம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அவர் சிரிக்கவே இல்லை. மதியத்துக்கு இரண்டு சப்பாத்தியும் ஒரு வாழைப்பழமும் போதும், கனமான சட்டை வேண்டும், ஒரு பகுதியைச் சீக்கிரம் முடித்தால் மிஞ்சும் நிமிடங்கள் ஓய்வில் சேரும், தொடக்கத்தில் வரும் 15 நிமிட விளக்கத்தைத் தாண்டிவிட்டால் அதுவும் சேரும் என்பதெல்லாம் அங்கேதான் கைக்கு வந்தன. முதல் ஞாயிறு கடைசிப் பகுதியில் சரிந்து விழுந்த மதிப்பெண், ஆறாம் ஞாயிறு காலைப் பகுதிக்கு இணையாக நின்றது. அப்புறம் எழுதித் தேறினேன்.

தேர்வு நடத்துபவர்களே மாதிரித் தேர்வு தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். 120 கேள்வி அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டணம் கட்டினால் தேர்வு மையத்திலேயே உட்கார்ந்தும் எழுதிப் பார்க்கலாம். ஆனால் அது ஏறக்குறைய மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடும். நாசி கண்டார் நேரம் வரவே வராது.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் முதல் ஞாயிறு, காலை எட்டு முதல் ஐந்து வரை, மாடி அறை. பத்து மேசை, நாற்காலி. ஏர்கோன் நாள் முழுதும் ஓட வேண்டும். கரண்டுக்கு ஆளுக்குப் பத்து வெள்ளி நாங்களே போட்டுக்கொள்கிறோம். பிளாப் எழுதுபவர்கள் மூன்று மணி நேரத்தில் எழுந்து போகட்டும். உண்மையான மையத்திலும் பக்கத்து மேசைக்காரர் வேறு தேர்வு எழுதிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருப்பார். அதனால் கீழே உறுமி மேளப் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம், கதவைச் சாத்திக்கொள்கிறோம். வாசலில் உட்கார மட்டும் கறாரான ஒருவர் தேவை. சங்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் மூவர் இருக்கிறீர்கள். இதைவிடப் பிடித்த வேலை உங்களுக்குக் கிடைக்குமா சார்?

இன்னொன்று. ‘போன வாரம் வந்த கேள்விகள்’ என்று யாராவது தாள் கொண்டுவந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவோம். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் சிலரின் அமெரிக்கத் தேர்வு முடிவுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் பெயர் அப்படி ஒரு வம்பில் மாட்டாது.

கைப்பேசிகளைப் போட்டு வைக்கப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றை அம்மா எடுத்து வைத்திருக்கிறார். சாவி செயலாளர் அக்காவிடம் இருக்கிறதென்று தெரியும். சரி என்றால் சனிக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது சந்து டாக்டர் பிள்ளை