பனி எட்டாத பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கடிதம்

அன்பின் பாலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை நீக்கிய பிறகு நீ எழுதிய முதல் கடிதம் அது என்பதைக் கையெழுத்தே சொல்லிவிட்டது; வரிகள் ஏறி இறங்காமல், கரும்பலகையில் நீ எழுதிய காலத்து ஒழுங்கோடு நிற்கின்றன. என் முழங்கால் பழையபடிதான். படி ஏறும்போது முணுமுணுக்கும், இறங்கும்போது சண்டைக்கு வரும். "ஆண்டில் பாதி நாள் பனியைப் பார்த்துச் சலித்தவன் பனியுகக் குகைகளைத் தேடிப் போவானேன்?" என்று கேட்டிருந்தாய். சும்மா ஒரு பதில் எழுதிவிட மனம் வரவில்லை. அந்த முழங்காலையும் இழுத்துக்கொண்டு மகனுடன் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தெற்கு ஜேர்மனியில் உல்ம் நகரத்துக்கு மேற்கிலும் வடக்கிலும் விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்துக்குச் சுவாபிய ஆல்ப் என்று பெயர். ஆல்ப்ஸ் மலையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. இது அதற்கு வடக்கே, எதிர்ப்புறத்தில் கிடக்கும் எளிய மேடு. ஆஹ், லோனே என்ற இரண்டு சிற்றாறுகளின் பள்ளத்தாக்குகளில், பள்ளத்தாக்குக்கு மூன்றாக, ஆறு குகைகள் இருக்கின்றன. ஹோலே ஃபெல்ஸ், கைசன்குளோஸ்டர்லே, சிர்கன்ஸ்டைன் ஆகியவை ஆஹ் ஆற்றின் பக்கம். ஃபோகல்ஹெர்ட், ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடெல், பொக்ஸ்டைன் ஆகியவை லோனே ஆற்றின் பக்கம். 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த ஆறு குகைகளையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 43,000 முதல் 33,000 ஆண்டுகள் வரை பழமை உடைய மண் அடுக்குகளிலிருந்து, உருவம் செதுக்கும் கலையிலும் இசைக் கருவிகளிலும் உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழையவற்றுள் சில இங்கேதான் எடுக்கப்பட்டன.

பனியுகக் குகை என்றதும் நீயும் நானும் மனதில் காண்பது பனியில் புதைந்த ஓர் இடத்தைத்தான். உண்மை நேர் எதிரானது. வடக்கே ஸ்கண்டிநேவியாவிலிருந்து இறங்கிய பனிப்பாளம் உச்சக் குளிரின்போது இன்றைய பெர்லினையும் தாண்டித் தெற்கே வந்தது. தெற்கே ஆல்ப்ஸின் பனியாறுகள் மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் பரந்து நின்றன. இரண்டுக்கும் நடுவே பனி மூடாத ஒரு நிலப்பட்டை எஞ்சியது. சுவாபிய ஆல்ப் அதற்குள்தான் இருக்கிறது. மரம் அரிதான குளிர்ந்த புல்வெளியாக அது கிடந்தது; மம்மூத் யானைகளும் காட்டுக் குதிரைகளும் பனிமான்களும் அதில் மேய்ந்தன. தன்யூப் நதியின் போக்கைப் பிடித்துக்கொண்டு கிழக்கிலிருந்து வந்த நம் இனத்து மனிதர்கள் அந்த மந்தைகளின் பின்னால் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. பனியாறு என்பது வெறும் பனி அன்று. கல்லையும் மண்ணையும் வழித்துக்கொண்டு நகரும் பெரிய இழைப்புளி அது. அது நடந்துபோன வழியில் குகைத் தரையும் எஞ்சாது, அத்தரையில் கிடந்த எலும்பும் எஞ்சாது. ஆகையால் பனியுகத்து மனிதர் கையால் செய்தவற்றை நாம் இன்று பார்ப்பதற்குக் காரணம், பனி இங்கே வராமல் நின்றதுதான். உன் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முதல் பதில் இது: நான் பனியைப் பார்க்கப் போகவில்லை, பனி விட்டுவைத்ததைப் பார்க்கப் போனேன்.

இரண்டாவது காரணம் சுண்ணாம்புக்கல். இதை உனக்கு விளக்கத் தேவையில்லை, நீ யாழ்ப்பாணத்தில் நிலவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். ஹோலே ஃபெல்ஸுக்குப் போகும் வழியில் பிளவ்பொய்ரன் என்ற சிற்றூரில் நீலமாக ஒரு ஊற்றுக் குளம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக் குடைந்த நிலத்தடி வழிகளிலிருந்து பொங்கி வருவது. முற்காலத்தில் அதன் ஆழத்தை அளக்க இறக்கிய ஈயக் குண்டையெல்லாம் நீர்மகள் ஒருத்தி பறித்துக்கொண்டாள் என்று அவ்வூரார் கதை சொல்கிறார்கள். உண்மையில் அது இருபது மீட்டரைச் சற்றே தாண்டும் ஆழம். அடி காணாத கிணறு என்று உன் அப்பாச்சி நம்மைப் பயமுறுத்தியது நினைவுக்கு வந்து, கரையில் நின்று தனியாகச் சிரித்தேன். மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அதே கரைசல்தான் குகைகளையும் குடைந்தது. சுண்ணாம்பு கலந்த மண்தான் எலும்பையும் தந்தத்தையும் அரிக்காமல் வைத்திருந்தது.

ஹோலே ஃபெல்ஸின் வாய் சிறியது. சுரங்கம்போன்ற வழியில் கொஞ்சத் தூரம் நடந்தால், ஒரு கோயில் மண்டபத்தைக் கவிழ்த்து வைத்ததுபோலப் பெருங்கூடம் திறக்கிறது. அகழ்வுக் குழிகள் அந்தக் கூடத்தில் இல்லை, நடைவழியிலேயே இருக்கின்றன. போகிறவர்கள் குழிக்கு மேலே போட்ட தளத்தில் நடந்து, மணல் மூட்டை அடுக்கிய சுவர்களை எட்டிப் பார்க்கலாம். டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கொனார்ட் தலைமையில் இங்கே பல ஆண்டுகளாகக் கோடைதோறும் தோண்டுகிறார்கள். தோண்டுகிறார்கள் என்பது பெரிய சொல். ஒரு சில சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணைச் சுரண்டி, எந்தச் சதுரத்தின் எந்த மட்டத்து மண் என்று குறித்து, வாளியில் அள்ளி, தண்ணீரில் அரிதட்டு வைத்து அலசுகிறார்கள். 2008ஆம் ஆண்டு ஆறு துண்டுகளாகக் கிடைத்த ஒரு தந்தப் பெண்ணுருவம் அப்படித்தான் சேர்ந்தது. உயரம் ஆறு சென்டிமீட்டர், வயது குறைந்தது 35,000 ஆண்டு. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வளையம் மட்டும் இருக்கிறது. நூலில் கோத்து யாரோ அணிந்திருக்க வேண்டும். பருத்த மார்பும் வயிற்றின் மேல் வரிவரியாகக் கீறல்களுமாக இருக்கும் அந்த உருவத்துக்கு 'வீனஸ்' என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ரோமரின் அழகுத் தேவதைக்கும் அதற்கும் என்ன உறவு? பேர் தெரியாத ஒருத்தியைப் பேர் தெரியாதவளாகவே விட்டிருக்கலாம்.

அவள் கிடந்த இடத்திலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி ஒரு குழல் கிடந்தது. பாறு என்று நம் பழைய தமிழ் சொல்லும் பிணந்தின்னிக் கழுகின் சிறகெலும்பில் ஐந்து விரல் துளை இட்டுச் செய்தது. 12 துண்டுகளைப் பொருத்திய பிறகு அதன் நீளம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். பறவையின் எலும்பு இயல்பாகவே உள்ளே வெற்றாக இருக்கும், துளையிட்டால் போதும். ஆனால் கைசன்குளோஸ்டர்லேயில் கிடைத்த இன்னொரு குழல் மம்மூத் தந்தத்தால் ஆனது. தந்தம் திண்மையானது, உள்ளே வெற்றிடம் இல்லை. அதை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் குடைந்து, காற்றுப் புகாமல் மீண்டும் ஒட்டிச் செய்திருக்கிறார்கள். எளிதான எலும்பு கையில் இருக்கும்போதே ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்றால், அது தேவைக்கு மட்டும் செய்தது என்று என்னால் எண்ண முடியவில்லை. பிளவ்பொய்ரன் அருங்காட்சியகத்தில் அப்பெண்ணுருவை வைத்திருக்கும் இருட்டறையில் நின்றபோதும் இந்தத் தந்தக் குழலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சிங்க மனிதன். இதை எழுதவே இத்தனை தாளும் எடுத்தேன். 1939 ஆகஸ்டு 25ஆம் நாள், லோனே பள்ளத்தாக்கின் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடெல் குகையின் உட்புற அறையில், ஒட்டோ ஃபோல்சிங் என்பவர் தந்தச் சில்லுகள் நிறையக் கிடப்பதைக் கண்டார். டூபிங்கனின் உடற்கூற்றியல் பேராசிரியர் ரொபர்ட் வெட்சல் பொறுப்பில் நடந்த அகழ்வு அது. ஒரு வாரத்தில் உலகப் போர் தொடங்கிவிட்டது. வேலையை அவசரமாக நிறுத்தி, எடுத்த மண்ணையே குழிக்குள் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். சில்லுகள் பெட்டிக்குள் போயின. முப்பது ஆண்டுகள் அவற்றை எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 1969இல் உல்ம் அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பதிவு செய்துகொண்டிருந்த யொவாகிம் ஹான், இருநூறு அளவிலான அந்தச் சில்லுகளைச் சில நாட்களில் பொருத்தி, மனித உடலும் மிருகத் தலையும் கொண்ட ஓர் உருவம் எழுவதைக் கண்டார். தலை சிங்கத்தினுடையது என்பதே அப்போது தெளிவாக இல்லை. பிறகு கிடைத்த துண்டுகளும் 1980களின் சீரமைப்பும்தான் அதைத் தெளிவாக்கின. 2009 முதல் அதே குகையில், அன்று கொட்டி மூடிய மண்ணையே மறுபடி அலசியபோது மேலும் பல சில்லுகள் வந்தன. அவற்றையும் சேர்த்ததில் அவன் ஒன்றரைச் சென்டிமீட்டர் வளர்ந்தான்! இப்போது உயரம் 31 சென்டிமீட்டர், வயது ஏறத்தாழ 40,000 ஆண்டு.

உல்மில் கண்ணாடிக்குள் நிற்கும் அவனைப் பார்த்ததும் நரசிங்கமூர்த்தியை நினையாத தமிழன் இருக்க முடியாது, நானும் நினைத்தேன். ஆனால் 40,000 ஆண்டுத் தொலைவைத் தாண்டிச் சம்பந்தம் பேசுவது அறியாமை என்பதையும் உடனே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனைத் தெய்வம் என்பதா, சிங்கத் தோல் போர்த்த ஆள் என்பதா, பெண் என்பதா என்று அறிஞர்களே பலவாறு சொல்லியிருக்கிறார்கள். இடது மேற்கையில் குறுக்காக ஏழு கீறல்கள் இருக்கின்றன. கல்லாயுதம் மட்டும் கொண்டு அவனை மறுபடி செதுக்கிப் பார்த்த கைவினைஞருக்கு 300 மணி நேரத்துக்கும் மேல் ஆனதாம். குளிரில், வேட்டையாடிப் பிழைக்கும் ஒரு சிறு கூட்டத்தில், ஒருவனுக்கு அத்தனை நாளைக்கு மற்றவர்கள் சோறு போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குத்தான், பாலா, செதுக்கிய கையின் திறமையைவிட என்னை அதிகம் பிடித்து உலுக்கியது.

ஃபோகல்ஹெர்ட்டின் கதையும் இதே மாதிரிதான். வளைக்கரடி என்ற சிறு விலங்கு ஒன்று வளை தோண்டி வெளியே தள்ளிய மண்ணில் கல்லாயுதம் கிடந்ததைக் கண்டுதான் அக்குகையையே அறிந்தார்கள். 1931இல் குஸ்தாஃப் ரீக் ஒரே பருவத்தில் குகை முழுவதையும் தோண்டி, கழுத்தை வளைத்து நிற்கும் 4.8 சென்டிமீட்டர்க் குதிரையையும் வேறு பல உருவங்களையும் எடுத்தார். அவர் கழிவென்று வெளியே கொட்டிய மண்ணை 2005 முதல் அரித்தபோது, முழுதாக ஒரு மம்மூத் யானை வந்தது, 3.7 சென்டிமீட்டர், ஏழரைக் கிராம். 1931இல் எடுத்த ஒரு சிங்கத் தலையின் மறு பாதியும் அந்தக் கழிவு மண்ணிலேயே இருந்தது. இரண்டும் ஒட்டுவதை 2014இல் அறிவித்தார்கள். ரீக்கைக் குறை சொல்லத் தோன்றவில்லை, அவர் காலத்து முறை அது. ஆனால் இன்று எந்த நாட்டிலாவது அவசரத்தில் மண்ணை அள்ளி எறிகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது.

நம் இலங்கைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகத்துத் தண்ணீரில் பெரும் பங்கு பனியாக நிலத்தில் உறைந்து நின்ற அக்காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்தது. உச்சக் குளிரில் ஏறத்தாழ 120 மீட்டர். ஆழமில்லாத பாக்கு நீரிணை அப்போது தரை. உங்கள் வீட்டு வாசலிலிருந்து கால் நனையாமல் வேதாரணியத்துக்கு நடந்திருக்கலாம். பேராதனையில் படித்த நாளில் நாம் இருவரும் பஸ்ஸில் புளத்சிங்களவுக்குப் போய்ப் பாகியன் குகை வாயில் நின்றோமே, நினைவிருக்கிறதா? படுத்த புத்தரைப் பார்த்துவிட்டு, பாறையின் பெருமையை வியந்துவிட்டுத் திரும்பினோம். நம் காலடி மண்ணில் என்ன இருந்தது என்று அன்று நமக்குத் தெரியாது. தொல்பொருள் திணைக்களத்தின் விரிவான அகழ்வு 1980களில்தான் நடந்தது. ஏறத்தாழ 48,000 ஆண்டு வரை பின்னோக்கிப் போகும் அடுக்குகளில், எலும்பில் செய்த அம்பு முனைகளும் கடற் சிப்பி மணிகளும் செங்காவியும் கிடைத்ததாக 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. இங்கே மம்மூத்தின் பின்னால் அலைந்தவர்களின் காலத்திலேயே, அங்கே மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியவர்கள் கழுத்தில் மணி கோத்திருக்கிறார்கள்.

அந்தப் பயணத்தில் நீ ஒரு குறிப்புப் புத்தகத்தில் குகையின் வாயை வரைந்தாய், பென்சிலால். இடப்பெயர்வுகளில் அது தப்பியதா என்று தெரியவில்லை. பழைய பெட்டியில் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பு. நவம்பரிலிருந்து வௌவால்களுக்காக ஹோலே ஃபெல்ஸை அடைத்துவிடுவார்கள். வசந்தத்தில் திறந்ததும் மீண்டும் போகிறேன். நீ சொன்னபடி முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்