மணியை யாருக்கும் கொடுத்துவிடாதே

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ஒட்டடைக்குச்சி போனில் சொன்னாள், உன் பூனை மணியை யாரிடமாவது கொடுத்துவிடப் போகிறாயாமே? அதன் மூத்திரத்தால் சோபா நாறுகிறது, மெத்தை நாறுகிறது, வீட்டுக்காரர் ஹாலில் உட்காரவே மாட்டேன் என்கிறார் என்றாளே! விடுதி மாடிப்படிக்கடியில் குட்டி போட்ட பூனைக்காக வார்டனோடு மல்லுக்கு நின்றவளா நீ? என்னால் நம்பவே முடியவில்லை.

முதலில் மணியை மருத்துவரிடம் கூட்டிப்போ. சோபாவை அப்புறம் பார்க்கலாம். ஒழுங்காக மணல் பெட்டியில் மூத்திரம் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால், அது திமிர் இல்லையடி. சிறுநீர்ப்பையில் எரிச்சலோ கல்லோ இருக்கலாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்றாலும் இப்படி ஆரம்பிப்பது உண்டு. பெட்டியில் போகும்போது வலித்தால், அந்தப் பெட்டியைக் கண்டாலே பயந்து மெத்தான இடமாகத் தேடும். மணி கடுவன் வேறு. முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுக்கூட வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதே. கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும்.

சரி, நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவியும் மழை நாளில் வாடை திரும்பி வருகிறது என்றாயாம். வரத்தான் செய்யும். மூத்திரத்தில் இருக்கும் யூரியா தண்ணீரில் கரைந்து போய்விடும். யூரிக் அமிலம் லேசில் கரையாது, படிகமாக நூலிழைகளில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி வாடை கிளம்பும். போதாக்குறைக்கு, பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்று ஒன்று இருக்கிறது. அது சிதையும்போது வருவதுதான் மண்டையைப் பிளக்கும் அந்தக் கந்தக நெடி. காயடிக்காத கடுவனிடம் அது அதிகம். காயடிப்பதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடு.

இதை உடைக்க என்சைம் கிளீனர்தான் வேண்டும், அதாவது நொதிகள் கலந்த சுத்திகரிப்புத் திரவம். மேலாகத் தெளித்துத் துடைத்தால் காசுதான் வீண். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். மேலே உள்ளங்கையளவு கறை தெரிந்தால், பஞ்சுக்குள் அது தட்டளவு பரவியிருக்கும். ஆகவே கறையைத் தாண்டியும் நனைய ஊற்று. புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறட்டும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் சீக்கிரம் காயாது. அப்புறம் துண்டால் ஒற்றியெடுத்துவிட்டுத் தானாக உலரவிடு. ஏற்கெனவே போட்ட சோப்பை முன்னாடியே தண்ணீர் விட்டு அலசிவிடு, இல்லாவிட்டால் என்சைம் சரியாக வேலை செய்யாது. பழைய கறை எங்கே என்று தெரியவில்லையா? விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பார், மஞ்சளும் பச்சையுமாக மினுங்கும்.

பிளீச்சிங்கைத் தொடவே தொடாதே. மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும், மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும். அம்மோனியா கலந்த கிளீனரும் ஆகாது. அதன் வாடையே மூத்திர வாடை மாதிரிதான், மணி அதே இடத்துக்குத் திரும்பி வருவான். நீராவி இயந்திரம், வெந்நீர் எல்லாம் கறையை நிரந்தரமாக்கிவிடும். போர்வையைக் குளிர்ந்த நீரிலேயே துவை. வாடை முழுக்கப் போகும்வரை டிரையரில் போடாதே.

புதிதாக ஈரமாக இருந்தால் தேய்க்காதே. தடித்த துண்டை மடித்து வைத்து அதன்மேல் ஏறி நில். துண்டில் மஞ்சள் ஏறாத வரைக்கும் மாற்றி மாற்றிச் செய். துணிக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து விடலாம். உன் வீட்டுப் பளிங்குத் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், அரித்துவிடும்.

அப்புறம் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்கிறாயா, இல்லை சின்னவள் தலையில் கட்டிவிட்டாயா? இன்னொரு பெட்டியும் வாங்கி வேறு மூலையில் வை.

சோபா மெத்தையின் ஜிப்பைக் கழற்றி உள்ளே பஞ்சைக் கையால் தொட்டுப் பார். அடிவரை ஊறிப்போயிருந்தால் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும், உறையைக் காப்பாற்றலாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுது. அதுவரை மணியை யார் கேட்டாலும் கொடுக்காதே. அப்படியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என்னிடம் கொடு.

அன்புடன்,
உன் அறைத்தோழி