கார்க் அணிகளின் 2025: நம் ரசிகர் மன்றத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அயர்லாந்தின் கார்க் கவுண்டியின் ஹர்லிங், கேலிக் கால்பந்து அணிகளைப் பின்தொடரும் நம் மன்றத்தின் மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஏப்ரல் முதல் ஜூலை வரை உட்கார இடமில்லை. ஆகஸ்டில் ஆளே இல்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங்கில் ஆண்டு நன்றாகவே தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று நம் மைதானமான பார்க் ஈ கீவில் டிப்பரேரியை 3-24க்கு 0-23 என்று வென்று லீக் பட்டம் எடுத்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட், ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட். ஆகவே அன்று வித்தியாசம் பத்து. 1998க்குப் பிறகு கார்க்குக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம் இது.

நம் மாகாணமான மன்ஸ்டரின் சாம்பியன்ஷிப் சுற்று அவ்வளவு நேராகப் போகவில்லை. என்னிஸில் கிளேருடன் சமன். அடுத்து நம் மைதானத்தில் டிப்பரேரி வந்தபோது, ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களின் டாரா மெக்கார்த்தி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பதினான்கு பேரை வென்றதற்கு நம்மவர்கள் சிலர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, மே மாதக் கூட்டத்திலேயே "கொஞ்சம் பொறுங்கள்" என்று தலைவர் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது. மே 18 அன்று லிமெரிக்கில் 16 பாயிண்டில் தோற்றோம். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதே மைதானத்தில் அதே அணியுடன் மன்ஸ்டர் இறுதி. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமன். பெனால்டியில் 3-2 என்று நாம் வென்றோம். தொடர்ந்து ஆறு ஆண்டு மன்ஸ்டரைக் கையில் வைத்திருந்த லிமெரிக்கை அவர்கள் வீட்டிலேயே வைத்து இறக்கியது, என் கணக்கில், இந்த ஆண்டின் சிறந்த நாள். இறுதிப்போட்டியை டிப்பரேரியின் மைதானம் இருக்கும் தர்லஸில் வைத்திருக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய வாரம் சத்தம் போட்டவர்கள் மறுநாள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அகில அயர்லாந்து அரையிறுதியில் டப்ளினுக்கு எதிராக ஏழு கோல். அப்புறம் ஜூலை 20, டப்ளினின் குரோக் பார்க்கில் டிப்பரேரியுடன் இறுதிப்போட்டி. இடைவேளையில் நாம் 1-16, டிப்பரேரி 0-13. இரண்டாம் பாதியில் நாம் எடுத்தது இரண்டே பாயிண்ட். முடிவு டிப்பரேரி 3-27, நாம் 1-18. நமக்குக் கிடைத்த பெனால்டியை அவர்களின் கோல்காப்பாளர் ரீஸ் ஷெல்லி தடுத்தார். போதாததற்குத் தானும் ஒரு பாயிண்ட் அடித்தார். ஏப்ரலில் ஆடாமலே வெளியேறிய மெக்கார்த்தி அன்று 1-13 எடுத்தார்.

தோல்விக்குக் காரணம் தேடி செப்டம்பர் கூட்டம் நள்ளிரவு வரை நீண்டது. களைப்பு என்றார்கள், பயம் என்றார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. டிப்பரேரி தற்காப்பில் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தியிருந்தது. முதல் பாதியில் தூரத்திலிருந்தே அடித்துச் சமாளித்தோம். அது நின்றதும் நீளப் பந்தைத் திரும்பத் திரும்ப அதே ஆள் மேல் போட்டோம். மாற்றுத் திட்டம் இல்லை. இறுதியில் நம்மை வென்றவர்கள்: 2021இல் லிமெரிக், 2024இல் கூடுதல் நேரத்தில் ஒரே பாயிண்டில் கிளேர், இப்போது டிப்பரேரி. ஹர்லிங்கின் அகில அயர்லாந்துக் கோப்பையான லியாம் மெக்கார்த்தி கோப்பை கடைசியாக நம்மிடம் வந்தது 2005இல்.

பயிற்சியாளர் பாட் ரயன் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வருபவர் பென் ஓ'கானர். 2004இல் கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர், 2023இல் கார்க் இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பையன்கள் அவருக்குப் பழக்கமானவர்கள் என்பதே எனக்குப் போதுமான நம்பிக்கை.

கையாலும் காலாலும் ஆடும் நம் கேலிக் கால்பந்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதி உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜிம் கேவின் தலைமையிலான விதிச் சீரமைப்புக் குழுவின் புதிய விதிகள் ஆட்டத்தையே மாற்றிவிட்டன. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு பாயிண்ட். ஒவ்வோர் அணியும் எதிரணிப் பாதியில் எப்போதும் மூன்று பேரையாவது நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றித் தூங்கவைத்த காலம் போயிற்று. கெர்ரியிடம் இரண்டு முறை தோற்றோம், முதல் முறை கூடுதல் நேரம் வரை இழுத்து. அந்தக் கெர்ரிதான் அகில அயர்லாந்துக் கால்பந்துக்கான சாம் மகுவைர் கோப்பையை எடுத்தது. ஜூனில் குரோக் பார்க்கில் டப்ளினிடம் மூன்று பாயிண்டில் வெளியேறினோம். 2010 பட்டத்தைத் தொட இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் இரண்டாம் பிரிவில் கிடக்க வேண்டிய அணி இல்லை இது.

இனி, இந்த ஆண்டு அதிகம் சண்டை போட்ட விஷயம்: மைதானம். பார்க் ஈ கீவ் 45,000 பேருக்கான இடம். மே மாத ஹர்லிங் ஆட்டத்துக்கு அதுவே பற்றாது. 2024இல் லிமெரிக் வந்தபோது ஒரு இருக்கை மிச்சமில்லை. ஆனால் பிப்ரவரியில் கால்பந்து லீக் ஆட்டம் என்றால், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி இருக்கிறது. சில ஆயிரம் பேர் கத்துவது காற்றோடு போய்விடுகிறது. நகரத்துக்குள்ளேயே பார்க் ஈ ரின் இருக்கிறது, 16,000 பேர் பிடிக்கும், கூட்டம் கோட்டுக்கு அருகிலேயே நிற்கும். 2022இல் எட் ஷீரன் இசை நிகழ்ச்சியால் பெரிய மைதானம் கிடைக்காமல் போனபோது, கெர்ரியுடனான ஆட்டத்தை அவர்கள் ஊரான கில்லார்னிக்கு விட்டுக்கொடுக்காமல் அங்கேதான் ஆட வேண்டும் என்று அணி பிடிவாதமாக நின்றது. தோற்றாலும் அன்றைய சத்தம் போனவர்களுக்கு நினைவிருக்கும்.

எதிர்த்துப் பேசியவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. புதுப்பித்த கடன் தீரவில்லை, கட்டிய இடத்தைப் பூட்டி வைக்க முடியாது, அதனால்தான் கச்சேரிகளும் வருகின்றன, பெயருக்கு முன்னால் சூப்பர்வேல்யூ என்ற கடை நிறுவனத்தின் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. மைதானத்துக்குப் பெயர் தந்த ஓ கீவின் பெயரையே எடுக்கப் பார்த்ததற்கு ஊரே எழுந்து நின்றது வேறு கதை. முடிவில், கால்பந்து லீக் ஆட்டங்களை மட்டும் பார்க் ஈ ரின்னுக்குக் கொண்டுபோகக் கோரி கார்க் கவுண்டி விளையாட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதுவது என்று பெரும்பான்மையில் தீர்மானமானது. கடிதம் போய்விட்டது.

2026க்கு: முறை வைத்துப் பார்த்தால் லிமெரிக்கும் கிளேரும் நம் இடத்துக்கு வரும்; நாம் தர்லஸுக்கும் வாட்டர்ஃபோர்டுக்கும் போக வேண்டும். தர்லஸுக்குப் பேருந்து ஏற்பாடு உண்டு. வாட்டர்ஃபோர்டின் வால்ஷ் பார்க் சின்ன மைதானம், டிக்கெட் கிடைப்பது கடினம். உள்ளூர் கிளப்பில் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கே முதல் வாய்ப்பு என்பதால் இப்போதே கொடுத்துவிடுங்கள். ஐந்து அணிகளில் மூன்றுதான் மேலே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பேருந்துகளையும் தேநீரையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு மன்றத்தின் நன்றி. புதிய நிர்வாகிகளுக்கான பெயர்களைத் தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் எழுதித் தரவும். பயணக்குழுவுக்கு இதுவரை ஒரு பெயர்கூட வரவில்லை.

செயலாளர்