எண்ணை மாற்றும் முன் கண்ணைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் உன் லைன் ஃபாலோயர் வண்டியின் வீடியோ வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நேர்க்கோட்டில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே போகிறது. வளைவு வந்ததும் கோட்டை விட்டுவிட்டு அதுபாட்டுக்கு நேரே போய்விடுகிறது. கோட்டை விட்டு விலகிய அளவுக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் கே.பி., விலகும் வேகத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் கே.டி., இந்த எண்களை ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் போட்டும் ஒன்றும் சரிப்படவில்லை என்று எழுதியிருந்தாய். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே அம்மா. அந்த எண்களை இப்போதைக்குத் தொடவே தொடாதே.

முதலில் மோட்டாருக்குப் போகும் வயரைக் கழற்றிவிடு. வண்டி ஓட வேண்டாம், பார்த்தால் போதும். கோட்டைப் பார்க்கும் ஐந்து சென்சாரும் தரும் அளவுகளைக் கணினித் திரையில், சீரியல் மானிட்டரில், வரிசையாக வர வை. வண்டியைக் கையில் பிடித்துக் கோட்டுக்குக் குறுக்கே மெல்ல நகர்த்து. வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டு 0 முதல் 1023 வரை எண் தரும். உன் இணைப்பில் வெள்ளைத் தரைக்குச் சின்ன எண், கறுப்பு டேப்புக்குப் பெரிய எண். ஒவ்வொரு சென்சாரும் கோட்டின் மேல் வரும்போது எண் ஏறி, தாண்டியதும் இறங்க வேண்டும். ஐந்தும் ஒரே அளவுக்கு ஏறாது, அது இயல்புதான். ஆனால் நான்கு 800ஐத் தொடும்போது ஒன்று மட்டும் 400லேயே நின்றுவிட்டால், வண்டி கோட்டின் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருப்பதாகத்தான் கணக்கு வரும். இல்லாத பிழையைத் திருத்த அது திரும்பும். அப்போது எந்தக் கே.பி.யும் உதவாது.

இதற்கு ஒவ்வொரு சென்சாரும் காட்டும் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் 0–1000 என்ற ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவா. ஓட்டம் தொடங்கும் முன் வண்டியே இடமும் வலமும் ஆடி இதைக் குறித்துக்கொள்ளும்படி எழுதிவிடலாம்.

உயரத்தையும் பார். உன் டி.சி.ஆர்.டி. 5000 வகை சென்சார் தரைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இருக்கும்போதுதான் நன்றாகப் பார்க்கும். வீடியோவில் சென்சார்களைப் பொருத்திய உன் பட்டை தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. கீழே இறக்கி, இரண்டு முனையிலும் உயரம் ஒன்றுதானா என்று அளந்து பார்.

அப்புறம் வெளிச்சம். இந்த சென்சார் பார்ப்பது அகச்சிவப்பை. வெயிலில் அது ஏராளம். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் வண்டி தடுமாறினால் காரணம் அதுதான். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் சின்னதாக ஒரு மறைப்பு ஒட்டினாலே பாதித் தொல்லை போய்விடும். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அதற்கும் கறுப்பு என்றில்லை. சில மார்க்கர் மையில் போட்ட கோடு அதற்குத் தெரியவே தெரியாது. இன்சுலேஷன் டேப்பையே வைத்துக்கொள். சென்சாரின் எல்.இ.டி. எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் போனின் செல்ஃபி கேமராவில் பார். பெரும்பாலான போன்களில் மங்கிய ஊதா நிறத்தில் தெரியும்.

இன்னொன்று. உன் சென்சார் பட்டை சக்கர அச்சை ஒட்டியே இருக்கிறது. முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவன் தள்ளாடத்தான் செய்வான். பட்டையை மூன்று நான்கு சென்டிமீட்டர் முன்னால் தள்ளு. வளைவு முன்கூட்டியே தெரியும், ஆட்டமும் தானாகவே கொஞ்சம் அடங்கும். ரொம்பத் தள்ளினால் மூக்கு கனத்து, திரும்புவது மந்தமாகிவிடும். பசை போட்டு ஒட்டிவிடாதே, ஸ்க்ரூவில் நகர்த்துகிற மாதிரி வை.

இதெல்லாம் ஆன பிறகு எண்களுக்கு வா. கே.டி.யையும், விலகலைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போய்த் திருத்தும் கே.ஐ.யையும் பூஜ்யமாக்கி, வேகத்தைக் குறைத்து, கே.பி.யை மட்டும் ஏற்று. வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு லேசாக ஆடத் தொடங்கும் இடத்தில் நிறுத்து. அந்த ஆட்டம் அடங்கும்வரை கே.டி.யைக் கூட்டு. கே.ஐ. பெரும்பாலும் வேண்டியிருக்காது. இந்தக் கணக்கை முறையாக எழுதியவர் நிக்கோலஸ் மினார்ஸ்கி, 1922இல், கப்பலைத் தானாகத் திருப்புவதற்காக. கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் சுக்கான் பிடிப்பவர்கள் கவனிப்பதை அவர் பார்த்திருந்தார். கே.டி. செய்வது அதைத்தான்.

ஓட்டும்போது, சென்சார் எண்களைக் கணினிக்கு அனுப்ப நிரலில் எழுதிய அந்த சீரியல் பிரிண்ட் வரிகளை மறக்காமல் எடுத்துவிடு. 9600 வேகத்தில் ஒரு நொடிக்கு 960 எழுத்துதான் போகும். 30 எழுத்து அனுப்புவதற்குள் 30 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் வண்டி அதற்குள் மூன்று சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கும். ஐந்து சென்சாரையும் படிக்கவோ அரை மில்லிநொடிதான் பிடிக்கிறது!

பேட்டரியும் ஏமாற்றும். உன் இரண்டு செல்லும் நிறைந்திருக்கும்போது 8.4 வோல்ட், ஓட ஓட 7.4க்கு வரும், அதற்குக் கீழும் போகும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்.298 டிரைவர் அதில் இரண்டு வோல்ட் போலத் தானே விழுங்கிவிடும். ராத்திரி சரியாக ஓடியது காலையில் சார்ஜ் ஏற்றியதும் தறிகெட்டு ஓடினால் நிரலைத் திட்டாதே. ஒவ்வொரு சோதனைக்கும் முன் மீட்டர் வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொள்.

கோடு முழுவதும் தொலைந்துவிட்டால், கடைசியாக எந்தப் பக்கத்து சென்சார் பார்த்ததோ அந்தப் பக்கமே திரும்பச் சொல். வளைவில் நேரே போவதற்கு இதுவே போதுமான மருந்து என்று நினைக்கிறேன், ஆனாலும் மேலே சொன்னதைச் செய்யாமல் இதற்குத் தாவாதே.

அம்மா தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, “பிள்ளை சாப்பிட்டாளா, எப்படி இருக்கானு ஒரு வரி கேட்டீங்களா?” என்கிறாள். சரி, கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஐந்து சென்சாருக்கும் வெள்ளையில் வந்த எண், கறுப்பில் வந்த எண், மொத்தம் பத்து. அதை எழுதி அனுப்பு. கே.பி. எதிலிருந்து தொடங்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா