பகுதிப் பிரதிநிதியின் வாக்கு யாருடையது?

பெருங்குடியிருப்புகளின் வீட்டு உரிமையாளர் சங்க இயக்குநர் குழுக்களுக்கும், அச்சங்கங்களில் பகுதிப் பிரதிநிதிகளாகப் பொறுப்பேற்றிருப்போருக்கும்,

வணக்கம்.

பிரதிநிதி முறையைப் பின்பற்றும் சங்கங்களில், இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பதும் சங்கத்தின் உள்விதிகளான துணைவிதிகளின் திருத்தங்களை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள் நேரடியாகச் செய்கிற காரியங்கள் அல்ல. ஒவ்வொரு பகுதியின் சார்பிலும் ஒருவர் வாக்களிக்கிறார். அவர் ஒருமுறை கை உயர்த்தினால் அப்பகுதியின் அத்தனை வீடுகளின் வாக்கும் சேர்ந்தே எண்ணப்பட்டுவிடுகிறது. அந்தக் கை எதற்காக உயர்ந்தது என்பதை அந்த வீடுகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனையை விதிகளில் தேடினால் கிடைப்பது அரிது. இம்மடலை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட குடியிருப்பில் பொதுக்கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேர்ப்பது எத்தனை பெரிய பாடு என்பதும், வர இயலாதவர் சார்பில் வேறொருவர் வாக்களிக்க இடம் தரும் பதிலாள் வாக்குப் படிவங்களை வாங்க வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகும் கூட்டம் ஒத்திவைக்கப்படுவதுண்டு என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே, குடியிருப்பை உருவாக்கும் நிறுவனம் தொடக்க ஆவணங்களிலேயே பிரதிநிதி முறையை எழுதி வைக்கிறது. அந்த நிறுவனம் வீடுகளை விற்றுவிட்டு விலகிய பின்னும், அதன் வசதிக்காக எழுதப்பட்ட விதிகள் அப்படியே தொடர்வதை ஏனோ யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 140 வீடுகள் உள்ள ஒரு பகுதியில், வீடுகளை வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வருகிறது. பிரதிநிதி கருத்துக் கேட்கிறார். 40 வீடுகள் பதில் சொல்கின்றன. 25 வேண்டாம் என்கின்றன, 15 வேண்டும் என்கின்றன. கூட்டத்தில் அவர் 140 வாக்குகளையும் ‘வேண்டும்’ பக்கம் இட்டால், விதிப்படி அது செல்லக்கூடும். 140ஐயும் ‘வேண்டாம்’ பக்கம் இட்டாலும், பதிலே சொல்லாத 100 வீடுகளின் மௌனத்தை எதிர்ப்பாகக் கணக்கிட்டதாகவே ஆகும். ஆவணங்கள் இடம் கொடுக்கும் சங்கங்களில், கிடைத்த பதில்களின் விகிதப்படி வாக்கைப் பிரித்து அளிப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து. இடம் கொடுக்காத சங்கங்களில் முதலில் திருத்த வேண்டிய விதி அதுதான். கூட்டக் குறிப்பில் ‘தீர்மானம் நிறைவேறியது’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், இவற்றில் எது நடந்தது என்பதை எந்த வீட்டாரும் அறிய முடியாது.

இதைவிடக் கவலை தருவது காலியிடம். ஒரு பகுதியில் யாரும் போட்டியிடாதபோது, பிரதிநிதியை இயக்குநர் குழுவே நியமிக்கலாம் என்று சொல்லும் விதிகள் உண்டு. அவ்வாறு நியமிக்கப்பட்டவர் அடுத்த தேர்தலில் அதே இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கிறார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். குழுவினர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இந்த ஏற்பாடு சரியாகாது. நியமனம் தவிர்க்க முடியாதென்றால், அத்தகையவர் இயக்குநர் தேர்தலில் வாக்களிக்காமல் இருப்பதே முறை.

பிரதிநிதிகளுக்கும் ஒரு சொல். இயக்குநர் சங்கம் முழுவதின் நலனுக்குக் கடமைப்பட்டவர். பிரதிநிதியோ முதலில் தம் பகுதிக்குக் கடமைப்பட்டவர். இரு பொறுப்பும் ஒருவரிடமே சேரும்போது இழுபறி தானாகவே வரும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1967இல் தொடங்கப்பட்ட கொலம்பியா என்ற பெருங்குடியிருப்பில், ‘கிராமம்’ என்றே அழைக்கப்படும் 10 பகுதிகள் பிரதிநிதிகளின் மன்றத்துக்குத் தலா ஒருவரைத் தேர்ந்தெடுக்க, அவர்களே சங்கத்தின் இயக்குநர் குழுவிலும் அமர்ந்து வந்திருக்கிறார்கள். சாலைகளைப் புதுப்பிப்பதற்கான இருப்பு நிதிக்கு மாதக் கட்டணத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது, தம் பகுதியினரோ உயர்வே கூடாது என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரு நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர் எதற்குச் செவிசாய்ப்பது? உயர்வைத் தள்ளிப்போட்டால் பிற்பாடு பெருந்தொகையைச் சிறப்பு வசூலாகக் கேட்க நேரிடும் என்பதைத் தம் பகுதியினரிடம் முன்கூட்டியே விளக்குவதும் பிரதிநிதியின் வேலைதான். கட்டளையைக் கேட்டு ஒப்பிப்பதற்கு ஓர் ஆள் தேவையில்லை, படிவமே போதும்.

இத்தகைய சங்கங்களுக்கென அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய 1985ஆம் ஆண்டு டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம், இயக்குநர் குழுவின் வழக்கமான கூட்டங்களுக்குக் குறைந்தது 4 நாட்களுக்கு முன் நிகழ்ச்சி நிரலோடு அறிவிப்புத் தர வேண்டும் என்றும், கூட்டக் குறிப்பையோ அதன் வரைவையோ 30 நாட்களுக்குள் உறுப்பினர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. அச்சட்டம் செல்லாத இடங்களிலும் பிரதிநிதிகளின் கூட்டங்களுக்கு இந்த அளவுகோலை வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. 4 நாள் என்பது பகுதியினரைக் கலந்து பேசப் போதாது. துணைவிதித் திருத்தத்துக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

எனவே, பிரதிநிதிகளின் அடுத்த கூட்டத்திலிருந்தே ஒவ்வொரு தீர்மானத்திலும் எந்தப் பகுதியின் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயருடன் குறிப்பில் பதிவு செய்யுமாறும், வாக்களிக்கும் முன் எத்தனை வீடுகளைக் கேட்டார், எத்தனை பதில் சொன்னது என்பதை அதனருகிலேயே எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெரும்பாலும் விதித் திருத்தம் தேவைப்படாது. கூட்டத் தலைவர் செயலாளரிடம் சொன்னாலே போதும். வாக்கைப் பிரித்தளிப்பது, நியமனப் பிரதிநிதியின் வாக்குரிமை ஆகிய இரண்டுக்கும் திருத்தம் தேவைப்படும். அவற்றின் வரைவை எல்லா வீடுகளுக்கும் அனுப்பிய பிறகு வாக்கெடுப்புக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
பிரதிநிதியின் வழியே வாக்களிக்கும் ஒரு வீட்டு உரிமையாளர்